பழைய டபுள் கேபின் பிக்கப்: வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறவர்கள் வாருங்கள்

களக்காட்டு வாழை:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு வாழையும் கொஞ்சம் நெல்லும். வீட்டில் பிள்ளைகளைச் சேர்த்து ஐந்து பேர். இதுவரை ஒரு ஒற்றைக் கேபின் லோடு வண்டி, ஒரு கார் என்று இரண்டு வைத்திருந்தோம், இரண்டுக்கும் இன்சூரன்ஸ், இரண்டுக்கும் டயர் என்று கட்டுபடியாகவில்லை. இரண்டையும் கொடுத்துவிட்டு முன்னும் பின்னும் சீட், அதற்குப் பின்னால் லோடு பாடி என்று இருக்கிற ஒரே டபுள் கேபின் எடுக்கலாம் என்று முடிவு. புது வண்டிக்குக் கடன் வாங்க மனம் இல்லை.

மஹிந்திராவின் டபுள் கேபினான பொலிரோ கேம்பரில் இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று 2009, பணகுடிப் பக்கம் காற்றாலை வேலைக்கு ஓடியது. இன்ஜின் போன வருஷம் இறக்கிக் கட்டியது, புதுப் பெயிண்ட், உள்ளே புது சீட் கவர், பளபளவென்று இருக்கிறது. இன்னொன்று 2008, அம்பாசமுத்திரத்தில் ஒரே ஓனர், அரிசி ஆலைக்கு ஓடியது. பெயிண்ட் வெளுத்துவிட்டது, ஆக்சிலரேட்டர் மிதித்தால் கறுப்பாகப் புகை, இரண்டாவது கியர் போடும்போது கத்துகிறது. விலையில் நல்ல வித்தியாசம். எனக்கு முதல் வண்டியில்தான் கண். வாங்கி, விட்டதையெல்லாம் சரிசெய்து, பிள்ளைகள் பெரிதாகும்வரை வைத்து ஓட்ட வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை டீசல்:

தம்பி, இன்ஜின் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பெயிண்ட் பற்றி, கியர் பற்றி, சீட் கவர் பற்றிக்கூட. வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான சேசிஸைப் பற்றி ஒரு வரி இல்லை. சாக்கு விரித்து அடியில் படுத்துப் பார்த்தீர்களா?

அந்த வருஷத்துக் கேம்பரில் வருவது 2523 சிசி டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் இன்ஜின். சிலிண்டரின் உள்விட்டமான போர் 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடுகிற தூரமான ஸ்ட்ரோக் 101.6. அங்குலத்தில் மாற்றிப் பாருங்கள், மூன்றரையும் நான்கும் சரியாக வரும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து மஹிந்திரா 1963-ல் டிராக்டர் செய்ய ஆரம்பித்தார்களே, அந்த பி-275 வம்சத்து இன்ஜின் இது. நம் பக்கத்து வயலில் உழுது உழுது எல்லா மெக்கானிக்குக்கும் கை பழகிய சாமான். போர் பண்ணவும், கிராங்க் கிரைண்டிங் பார்க்கவும், ஹெட் பேசிங் போடவும் நெல்லைக்கு வரக்கூடத் தேவையில்லை, அம்பையிலும் வள்ளியூரிலும் சங்கரன்கோவிலிலும் ஆள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பம்பும் நாசிலும் சரியாக இருந்தால் ஓடும்.

அதனால் இன்ஜின் கெட்ட வண்டியைப் பார்த்து நான் பயப்படவே மாட்டேன். அதற்கு எவ்வளவு ஆகும் என்று லேத்தில் கேட்டு ஒரு தாளில் எழுதிவிடலாம். சேசிஸ் தின்றுபோன வண்டிக்குக் கணக்கே எழுத முடியாது, பிரிக்கப் பிரிக்க வரும்.

டபுள் கேபினில் இது இன்னும் முக்கியம். சாதா பொலிரோவின் வீல்பேஸ் 2680 மில்லிமீட்டர், கேம்பர் ஏறத்தாழ மூன்று மீட்டர். கேபின் நீளம், பின்னால் லோடு பாடி தனி. பாரம் முழுக்கப் பின் ஆக்சிலுக்கு மேலேயும் அதற்குப் பின்னாலேயும் உட்காருகிறது. ஒரு டன் ஏற்ற வேண்டிய வண்டியில் இரண்டு டன் ஏற்றி ஏற்றி ஓட்டினால் சேசிஸ் விட்டுக்கொடுக்கிற இடம் கேபின் முடிந்து லோடு பாடி தொடங்குகிற அந்த இடுக்குதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கேபினின் பின் சுவருக்கும் லோடு பாடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பின் கதவு சாத்தும்போது தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டர் அடைப்போ, நாசில் போனதோ, பம்பில் டீசல் கூடுதலாக வைத்ததோதான் காரணமாக இருக்கும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். கறுப்பு இந்த மூன்றில் சாது.

ராதாபுரம் காற்றாடி:

நான் காற்றாலை சர்வீஸ் டீமில் கேம்பரில்தான் போய் வருகிறேன், அதனால் சொல்கிறேன். பணகுடி, முப்பந்தல், ராதாபுரம் பக்கம் ஒரு காற்றாடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாதை ரோடு கிடையாது, சரளையும் செம்மணலும். மே மாதம் தென்மேற்குக் காற்று பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் வண்டிக்கு ஓய்வே இல்லை, மெஷின் நின்றால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வேண்டும். டூல் பாக்ஸ், கயிறு, ஆயில் டிரம், ஐந்து ஆள். ஒரு வண்டிக்கு ஷிஃப்டுக்கு ஒரு டிரைவர். ஸ்டியரிங், பால் ஜாயிண்ட், பட்டை (லீஃப் ஸ்பிரிங்), ஷாக்கிள் புஷ் எல்லாம் அடி வாங்கியிருக்கும்.

ஆனால் எல்லாக் காற்றாலை வண்டியும் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல கான்ட்ராக்டர்கள் கிலோமீட்டர் கணக்கில் சர்வீஸ் விடுவார்கள், ஜாப் கார்டு எல்லாம் ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலைக் கேளுங்கள். ஃபைல் இருந்தால் பேச்சு, இல்லையென்றால் விடுங்கள்.

உவரிக்காரர்:

பணகுடியில் ஓடிய வண்டி என்று சொல்கிறார்கள் சரி, கடலோரத்துக் காற்றாடிகளுக்கும் போயிருக்குமா என்று கேளுங்கள். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் நிற்கிற வண்டிக்கு மழையே வேண்டாம், காற்றில் வருகிற உப்பு போதும். மீன் லோடு ஏற்றிய வண்டியாக இருந்தால் இன்னும் மோசம், ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் லோடு பாடி இடுக்கு வழியாகச் சேசிஸ் மேலேயே சொட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. எங்கள் பக்கமும் திசையன்விளை, ராதாபுரம் பக்கமும் பல இடத்தில் போர்வெல் தண்ணீரே உப்பு. அதில் தினமும் வண்டி கழுவுகிறார்கள். கழுவாமல் விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். நான் என் வண்டியை வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில் நிறுத்தி அடிப்பக்கம் மட்டும் பீய்ச்சுகிறேன். மேலே தூசி இருந்தால் இருக்கட்டும்.

ரேடியேட்டருக்கும் அந்தத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். உப்புப் படிந்த ரேடியேட்டரோடு வள்ளியூரிலிருந்து லோடு ஏற்றி வந்தால் நாங்குநேரி தாண்டுவதற்குள் ஹீட் ஏறிவிடும்.

களக்காட்டு வாழை:

அண்ணாச்சி, அடியில் குனிந்து பார்த்தேன். முழுக்க கறுப்பாக, புதிதாகக் கோட்டிங் அடித்து நன்றாகத்தான் இருந்தது. அது போதாதா?

பேட்டை டிங்கர்:

புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். விற்பதற்கு முன்னால் தார் மாதிரி இருக்கிற ரப்பர் கோட்டிங்கைத் துரு மேலேயே அடித்துவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே ஈரம் வெளியே போக வழி இல்லாமல் நின்று இன்னும் வேகமாகத் தின்னும்.

ஒரு சின்ன சுத்தியல் கொண்டு போங்கள், ஓனரிடம் சொல்லிவிட்டே தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருப்பிடித்த இடமும் பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்ட இடமும் மொத்தென்று கேட்கும். தட்ட வேண்டிய இடங்கள்: பின் பட்டையின் ஹேங்கர் சேசிஸில் ரிவெட் ஆகிற இடம், கேபின் மவுண்ட் உட்காருகிற பிராக்கெட்டுகள், பின் வீலுக்கு மேலே வளைகிற பாகம். கேபினுக்கு உள்ளே மேட்டைத் தூக்கிப் பின் சீட்டுக்குக் கீழே பாருங்கள், எல்லாரும் முன்பக்கத் தரையைப் பார்ப்பார்கள், பின் சீட்டுக்கு அடியில் சாக்கும் மண்ணும் ஈரமும் சேர்ந்து கிடப்பது தெரியாது. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும். பழைய வண்டியில் பெயிண்ட் அடித்தே அவற்றை அடைத்திருப்பார்கள், கதவுக்குள் தண்ணீர் தங்கி அடி அரிக்கும்.

காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போனால் பட்டி எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும். ஒட்டவில்லை என்றால் அங்கே பட்டி கனமாகப் போட்டிருக்கிறார்கள்.

சென்னைவாழ் நெல்லை:

கேம்பரைத் தாண்டியும் யோசிக்கலாமே. என்னிடம் ஸ்கார்பியோ கெட்டவே இருக்கிறது, 2007-ல் அந்த மாடல் வந்த காலத்து வண்டி, 2.6 லிட்டர் காமன் ரெயில் டீசல். குடும்பத்தோடு கன்னியாகுமரி போய் வந்தால் முதுகு வலிக்காது. டாடாவில் 2009-ல் வந்த செனான் இருக்கிறது. இசுசு வி-கிராஸ் 2016 என்பதால் இப்போது கொஞ்சம் கைக்கு எட்டுகிற விலைக்கு வருகிறது. இவையெல்லாம் நம் நாட்டு டபுள் கேபின் வரலாற்றில் முக்கியமான வண்டிகள். 1988-ல் டாடா மொபைல் 206 வந்தபோது பிக்கப் என்ற வகையே பலருக்குப் புதிது. அந்த வண்டிகளில் மிச்சம் இருப்பவற்றையாவது ஃபேக்டரியிலிருந்து வந்த நிறத்தில், வந்த பேட்ஜோடு, வந்த வீல் கேப்போடு காப்பாற்ற வேண்டும் என்பது என் ஆசை. நான் என் வண்டிக்கு ஒரு ஒரிஜினல் டெயில் லேம்புக்காகக் கோயம்புத்தூர், புனே என்று தேடியிருக்கிறேன்.

வண்ணார்பேட்டை டீசல்:

சென்னைத் தம்பி செய்வது பெரிய வேலை, அதில் சந்தேகம் இல்லை. டாடா மொபைல், பழைய 207 எல்லாம் என் கண்ணுக்கும் அழகுதான். அந்த 483 இன்ஜின், நாலு சிலிண்டர், 83 மில்லிமீட்டர் போர், 1948 சிசி, சியராவிலும் சுமோவிலும் வந்தது, அதனால் இன்ஜின் சாமான் இன்னும் தட்டுப்படுகிறது. கெட்டவேக்கும் முன்பாதி சாமான் ஸ்கார்பியோவிலிருந்து எடுக்கலாம். பின் கதவு, கேபினின் பின் சுவர், லோடு பாடி, டெயில் லேம்ப் இவையெல்லாம் அந்த வண்டிக்கு மட்டும் செய்தவை. மழையில் பின்னால் ஒருத்தன் இடித்துவிட்டால் வாழைத்தார் வெட்டுகிற நேரத்தில் வண்டி மாதக் கணக்கில் நிற்கும்.

கேட்டவர் விவசாயி. விடிய நாலு மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும், பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கோ நயினார்குளம் மார்க்கெட்டுக்கோ போய்ச் சேர வேண்டும், திரும்பி வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். நம் ஊரில் கேம்பர் இத்தனை ஓடுவதால் அதன் சாமான் எல்லா ஊர்க் கடையிலும் தொங்குகிறது. என்னைக் கேட்டால், வேலைக்கு ஓடுகிற பழைய வண்டியை நல்ல உடம்போடு வைத்திருப்பதே அதற்குச் செய்கிற மரியாதை. பேட்ஜ் பிறகு தேடிக்கொள்ளலாம்.

சென்னைவாழ் நெல்லை:

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணாச்சி, வேலை வண்டிக்கு அதுதான் சரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கழற்றுகிற ஒரிஜினல் சாமான் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். யாராவது ஒருத்தருக்குக் கட்டாயம் தேவைப்படும்.

ஸ்ரீவைகுண்டம் கரை:

எங்கள் பக்கத்து வண்டி என்றால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் வண்டி எங்கே நின்றது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷன் பக்கம், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று எத்தனையோ வண்டி கூரை வரை முழுகியது. அதில் பலவற்றைக் கழுவித் துடைத்து, புது சீட் கவர் போட்டு, வேறு தாலுகாவில் விற்றாகிவிட்டது.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கிற பாகத்தில் வண்டல் கோடு இருக்கும். சீட் ஓடுகிற ரெயில், டாஷ்போர்டுக்குப் பின்னால் கை விட்டால் கிடைக்கிற மண், ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க் கறை. பின் ஆக்சில் நடுவில் இருக்கிற ஹவுசிங்கின் ஆயில் பிளக்கைக் கழற்றினால் ஆயில் பால் மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பழைய டிஐ இன்ஜின் வெள்ளத்திலிருந்து எழுந்துவிடும், அது பெரிய விஷயம் இல்லை, வயரிங்கும் பேரிங்கும்தான் ஒரு வருஷம் கழித்து வேலையைக் காட்டும்.

களக்காட்டு வாழை:

புது சீட் கவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சுத்தியல், காந்தம் எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு வண்டியையும் மறுபடி பார்க்கப் போகிறேன். காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

தென்காசி ஆர்சி:

காகிதம் நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி மஞ்சள் போர்டா வெள்ளை போர்டா என்று பாருங்கள். லோடு வண்டியாகப் பதிவான கேம்பர் என்றால் எட்டு வருஷம் தாண்டிய பிறகு எப்சி (தகுதிச் சான்று) வருஷா வருஷம் காட்ட வேண்டும். சொந்த உபயோகப் பதிவு என்றால் பதினைந்து வருஷத்தில் பதிவுச் சான்றான ஆர்சியைப் புதுப்பித்திருக்க வேண்டும், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாக. 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணம் நன்றாக ஏறிவிட்டது, அதன்பிறகும் ஏறியிருக்கிறது, பணம் பேசுவதற்கு முன்னால் அரசின் பரிவாகன் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்து அதையும் விலையில் கழியுங்கள். பசுமை வரி பாக்கி இருக்கிறதா, பைனான்ஸ்காரர் பெயர் ஆர்சியில் இன்னும் நிற்கிறதா, அபராதம் நிலுவையா எல்லாம் அதிலேயே தெரியும். பைனான்ஸ் முடிந்ததற்கு என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் தராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சேசிஸ் நம்பரை ஆர்சியோடு நேரில் ஒப்பிடுங்கள். நம்பர் அடித்த இடத்தில் துருவோ வெல்டிங்கோ இருந்தால் எப்சியில் மாட்டுவீர்கள். இன்ஜின் இறக்கிக் கட்டியது என்று சொன்னார்கள் அல்லவா, பிளாக் மாற்றிக் கட்டியதா என்று கேளுங்கள். இன்ஜின் நம்பர் மாறியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றியிருக்க வேண்டும். நிறம் மாற்றியிருந்தாலும் ஆர்சியில் ஏற வேண்டும். முன்னால் பெரிய கிரில் கம்பி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அதைத் தடுக்கச் சொல்லிவிட்டது.

டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுள் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது டில்லியும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்த வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. இங்கே எப்சி பாஸானால் ஓட்டலாம்.

லைசென்ஸ் விஷயம் பலர் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற போக்குவரத்து வண்டியை எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம். மஞ்சள் போர்டு கேம்பர் அதற்குள் வசதியாக அடங்கும்.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கோயில் கொடைக்கு, கல்யாணத்துக்கு என்று லோடு பாடியில் ஆட்களை ஏற்றாதீர்கள். கேபினில் ஆர்சியில் போட்ட எண்ணிக்கைக்கு மட்டும்தான் இன்சூரன்ஸ். பின்னால் நிற்கிறவர்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பங்கள் இரண்டு அழியும், விழுந்தவர் குடும்பமும் ஓனர் குடும்பமும்.

ஆலங்குளம் மாப்பிள்ளை:

அரசாங்க ஆபீஸ் ஏலத்தில் பழைய டபுள் கேபின் எடுக்கலாமா? அடிமாட்டு விலைக்கு வரும் என்கிறார்கள்.

தென்காசி ஆர்சி:

2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவே ரத்து. பதிவு பெற்ற ஸ்க்ராப் நிலையத்துக்குத்தான் போக வேண்டும், அதை வாங்கி ரோட்டில் ஓட்ட வழி இல்லை. யாராவது அப்படி ஒன்றை விற்க வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கடையம் நர்சரி:

நான் ஏழு பேர் வேலை செய்கிற நர்சரி வைத்திருக்கிறேன், கேம்பர் நானேதான் ஓட்டுகிறேன். எல்லாரும் சேசிஸ், காகிதம் என்று நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பிள்ளைகள் உட்காருகிற வண்டி என்றால் வாங்கிய முதல் வாரம் பிரேக்தான். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஹோஸ், பின்னால் போகிற இரும்புக் குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். அந்தக் குழாய் சேசிஸ் ஓரமாகவே போகும், சேசிஸில் துரு என்றால் குழாயிலும் துரு. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்ற வேண்டும். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு வால்வு, ஒரு கம்பியோடு இணைந்திருக்கும், பாரம் ஏற ஏறப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுவது அதன் வேலை. பழைய வண்டியில் அது இறுகிப்போய் இருக்கும், இல்லையென்றால் யாரோ கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். வெறும் வண்டியாக மழையில் போகும்போது பின்பக்கம் இழுத்துக்கொண்டு போவதற்கு அது ஒரு காரணம்.

அப்புறம் பட்டை. அரிசி ஆலை வண்டி என்றால் கட்டாயம் கூடுதல் பட்டை போட்டிருப்பார்கள். எண்ணிப் பார்த்து அதைக் கழற்றுங்கள். மெயின் பட்டை தொய்ந்திருந்தால் சூடு காட்டி அடித்து வளைப்பதைவிடப் புதிது போடுவது நல்லது, அடித்த பட்டை கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும். சென்டர் போல்ட், யூ போல்ட், புஷ் எல்லாம் அதோடு மாற்றிவிடுங்கள். எங்கள் வண்டியில் கூடுதல் பட்டையை எடுத்த பிறகுதான் என் அம்மா பின் சீட்டில் ஏறச் சம்மதித்தார்.

வண்ணார்பேட்டை டீசல்:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் சேசிஸ் முதலில் என்று சொன்னது வாங்குவதற்கு. வாங்கிய பிறகு பிரேக், ஸ்டியரிங், டயர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

களக்காட்டு வாழை:

பார்த்துவிட்டு வந்தேன். மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போனேன்.

பணகுடி வண்டியில் இடது பக்கம் பின் பட்டை ஹேங்கர் அருகே தட்டினால் மொத்தென்று கேட்டது. ஓனரிடம் கேட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டிங்கைக் கொஞ்சம் சுரண்டினோம், உள்ளே தகடு வைத்து வெல்டிங், தகட்டுக்கு ஓரத்தில் சேசிஸ் உதிர்கிறது. கேபின் இடைவெளி மேலே இரண்டு விரல், கீழே ஒரு விரல்கூட இல்லை. சர்வீஸ் ஃபைல் கிடையாது.

அம்பை வண்டி பார்க்க ஒன்றுமில்லாமல் இருக்கிறது. ஆனால் அடியில் முழுக்க ஃபேக்டரிக் கறுப்பு, மேலே தவிட்டுத் தூசியும் கிரீஸும் அப்பிக் கிடக்கிறது. தட்டிய இடமெல்லாம் கணீரென்று கேட்டது. பின் சீட்டுக்குக் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, டிரைவர் பக்கம் ஃபுட்போர்டும் போய்விட்டது. வெள்ளத்தின்போது வண்டி ஆலைக்குள் மேட்டில் நின்றிருக்கிறது, பெல்ட் சுத்தமாக இருந்தது. கூடுதல் பட்டை இரண்டு பக்கமும் இருக்கிறது, அக்கா சொன்ன மாதிரியே. எப்சி, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

தரையை எப்படிச் செய்வது என்று பேட்டை அண்ணன் சொல்லுங்கள். ஒரு கடையில் மேலேயே தகடு வைத்துக் கேஸ் வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள்.

பேட்டை டிங்கர்:

தகட்டை மேலே வைத்து அடிக்க விடாதீர்கள். துரு அப்படியே கீழே இருக்கும், இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும். நல்ல இரும்பு வருகிறவரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள், உள்ளங்கை அகலம் என்று நீங்கள் பார்ப்பது வெட்டினால் இரண்டு உள்ளங்கை ஆகும், பயப்பட வேண்டாம். 18 அல்லது 20 கேஜ் தகட்டில் அதே வளைவுக்கு அடித்து, சிஓ2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, ஒரு முனையில் ஒன்று மறுமுனையில் ஒன்று என்று ஆறவிட்டு வைக்க வேண்டும். கேஸ் வெல்டிங் சூட்டில் தரை நெளிந்துவிடும், ஆர்க் அடித்தால் மெல்லிய தகட்டில் ஓட்டை விழும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் வயரையும் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்க்கிலிருந்து நேராக டேங்க் நிரப்பிக்கொண்டும் போகாதீர்கள்.

ஃபுட்போர்டு உள்ளே பெட்டி மாதிரி கூடாக இருக்கும். மூடுவதற்கு முன்னால் உள்பக்கம் ஜிங்க் பிரைமர், மூடிய பிறகு ஓட்டை வழியாக மெழுகு கோட்டிங் பீய்ச்ச வேண்டும். இணைப்புகளுக்கு சீம் சீலர். அப்புறம் எபாக்சி பிரைமர், அதற்கு மேலேதான் பட்டி, அதுவும் தேவையான இடத்துக்கு மட்டும். வெறும் தகட்டில் நேராகப் பட்டி போட்டால் பட்டி ஈரத்தை உறிஞ்சி அடியிலிருந்து கொப்புளம் வரும்.

லோடு பாடி போல்ட்டில்தான் நிற்கிறது. நாலு ஆள் சேர்ந்தால் இறக்கிவிடலாம். இறக்கிவிட்டுச் சேசிஸ் மேல்பக்கத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, துருப்பிடித்த இடத்தில் ரஸ்ட் கன்வர்ட்டர், எபாக்சி, கறுப்பு பியு பெயிண்ட். கேபின் மவுண்ட் ரப்பர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இரண்டு புதிது இரண்டு பழையது என்று போட்டால் கதவு சேராது. ஏற்கெனவே நல்லதாக இருக்கிற சேசிஸில் எங்கேயும் வெல்டிங் வைக்கவோ மேல் கீழ் விளிம்பில் ஓட்டை போடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். பாரம் தாங்குவது அந்த விளிம்புகள்தான், விரிசல் தொடங்குவதும் அங்கேதான்.

வெளிப் பெயிண்ட் ஒரு மழைக்காலம் போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அதை அடைத்த பிறகு அடியுங்கள். முன் கண்ணாடி ரப்பரும் கூரைக் காலரும் ஒழுகுகிற வண்டிக்கு எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் வீண்.

களக்காட்டு வாழை:

பிரேக் வேலை முடிந்தது, வால்வு இறுகித்தான் இருந்தது. பட்டை கழற்றியாகிவிட்டது, புது மெயின் பட்டை போட்டாகிவிட்டது. பம்பு, நாசில் சர்வீஸுக்குக் கொடுத்து ஏர் ஃபில்டர் மாற்றியதும் கறுப்புப் புகை பெரும்பாலும் நின்றுவிட்டது. இன்ஜினைத் திறக்கவே இல்லை, ஆயில் மூடியைக் கழற்றி வைத்து ஓடவிட்டுப் பார்த்தோம், புகை தள்ளவில்லை. இரண்டாவது கியர் மட்டும் இன்னும் கத்துகிறது. கியர் பாக்ஸ் இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

வண்ணார்பேட்டை டீசல்:

இறக்குவதற்கு முன்னால் ஆயிலை வடித்துப் பாருங்கள் தம்பி. கியர் மாற்றும்போது மட்டும் கத்துகிறது, ஓடும்போது இல்லை என்றால், கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோ ரிங்தான் காரணம். தேய்ந்தும் இருக்கலாம், தவறான ஆயிலாலும் வழுக்கலாம். நிறையப் பேர் பின் ஹவுசிங்குக்கு வாங்குகிற ஜிஎல்-5 ஆயிலையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடுகிறார்கள். ஹவுசிங்கில் இருக்கிற கிரவுன் பினியனுக்கு அது வேண்டும், பித்தளை சிங்க்ரோவுக்கு அது ஒத்துவராது. மேனுவலில் கியர் பாக்ஸுக்கு என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதைத் தேடி வாங்கி ஊற்றி, கொஞ்ச நாள் வெறும் வண்டியாக ஓட்டுங்கள். வடித்த ஆயிலை ஒரு தட்டில் விட்டு வெயிலில் பாருங்கள். பொன் நிறத்தில் பொடி மினுமினுத்தால் ரிங் தேய்கிறது. துண்டு துண்டாக இரும்பு வந்தால் யோசிக்காமல் இறக்கிவிடுங்கள்.

களக்காட்டு வாழை:

வடித்தோம் அண்ணாச்சி. இரும்புத் துண்டு எதுவும் இல்லை, லேசாகப் பொன் நிறப் பொடி மட்டும். ஆலையில் இரண்டுக்கும் ஒரே கேன் ஆயில்தான் ஊற்றினார்களாம், பழைய டிரைவரே சொன்னார். புது ஆயில் ஊற்றியதும் சூடான பிறகு சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, காலையில் குளிரில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. ரிங்கை இப்போதே மாற்றிவிடட்டுமா, இல்லை வாழைத்தார் சீசன் முடியட்டுமா?

வண்ணார்பேட்டை டீசல்:

சீசன் முடியட்டும். கிளட்சை முழுக்க மிதித்து, ஒரு மூச்சு விட்டு இரண்டாவதுக்குத் தள்ளுங்கள். இறக்குகிற அன்றைக்கு கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.